பத்தாயிரம் ரூபாயும் பன்னிரண்டு வருடச் சம்பளமும்

மனைவி கொடுத்த 250 டாலரில் தொடங்கிய கம்பெனி. வேலையை உதறிவிட்டு வந்த ஒரு தனி மனிதரின் துணிச்சல். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியைப் பற்றிய இந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓய்வதே இல்லை. தாராவி 90 அடி சாலையிலிருந்து செம்பூர் வரைக்கும் டியூஷன் வகுப்புகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, “டிகிரி முடிச்சதும் வேலைக்குப் போக மாட்டேன், சொந்தமா ஆரம்பிக்கப் போறேன்” என்கிறார்கள். சில வீடுகளில் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கித் தர வேண்டும் என்ற அளவுக்குப் பேச்சு போகிறது. அதனால்தான் இந்தக் கதையை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பரிசோதித்துப் பார்த்தால், அதில் ஒன்று அடியோடு விடுபட்டிருப்பது தெரியும். அது சம்பளம்.

“250 டாலரில் தொடங்கினார்கள்.”

மனைவி சுதா மூர்த்தி கொடுத்தது 10,000 ரூபாய். அதில் சந்தேகம் இல்லை. கம்பெனி பதிவானது 1981 ஜூலை 2-ம் தேதி. அன்றைக்கு ஒரு டாலர் சுமார் 9 ரூபாய். அப்படியானால் 10,000 ரூபாய் என்பது 1,100 டாலர். 250 டாலர் எங்கிருந்து வந்தது? ஒரு டாலர் 40 ரூபாயைத் தொட்டது 1998-ஐ ஒட்டிய காலத்தில். கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தைக்குப் போன சமயத்து விலையை 1981-ன் ரூபாயின் மேல் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கால் நூற்றாண்டாக அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை.

டாலரை விடுங்கள், நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1981-ல் 10 கிராம் தங்கம் 2,000 ரூபாய்க்கும் குறைவு. 10,000 ரூபாய்க்கு ஆறேழு பவுன் வாங்கியிருக்கலாம். ஆறு பவுன் இன்றைக்கு என்ன விலை என்று நம் அம்மாக்களைக் கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்கள். அது சில்லறைக் காசு இல்லை. வேலைக்குப் போன ஒரு பெண் மாதாமாதம் ஒதுக்கி வைத்த சேமிப்பு.

அவர் கொடுத்தது அந்தப் பணம் மட்டும் இல்லை. மூன்று வருடத்துக்கு வீட்டுச் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கணவரிடம் சொன்னதை சுதா மூர்த்தியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் டாடா கம்பெனியான டெல்கோவில் வேலை பார்த்த பொறியாளர். பம்பாயில் டாடாக்களின் தலைமையகமான பாம்பே ஹவுஸில் வேலை. ஒரு மாலை, வேலை முடிந்து, கணவர் வந்து கூட்டிப்போவதற்காக வாசலில் காத்து நிற்கிறார். பக்கத்தில் வந்து நிற்பவர் ஜே.ஆர்.டி. டாடா. இருட்டத் தொடங்கிவிட்டதால், மூர்த்தி வரும்வரைக்கும் துணைக்கு நிற்கிறார். மனைவியை இனி இப்படிக் காக்க வைக்கக் கூடாது என்று உன் கணவரிடம் சொல் என்கிறார். சுதா மூர்த்தி எழுதியிருக்கும் இந்தச் சம்பவத்தை எல்லோரும் ஜே.ஆர்.டி.யின் பெருந்தன்மைக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது கணவனும் மனைவியும் இருவரும் சம்பளத்துக்குப் போய்வந்த ஒரு பம்பாய்க் குடும்பம். இன்ஃபோசிஸ் பிறந்தது அந்தக் குடும்பத்தில்தான்.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. தம்பி கடை போடும்போது அக்காவின் சம்பளத்தில்தான் அரிசி வாங்குகிறார்கள். கடை நன்றாக ஓடிய பிறகு கதையைச் சொல்லும்போது அக்காவை மறந்துவிடுகிறார்கள். பத்தாயிரம் மட்டும் கதையில் நிற்கிறது.

“அவ்வளவு சின்ன முதலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்த முடியும்.”

முடிந்தது. ஆனால் எப்படி முடிந்தது என்பதைக் கதை சொல்வதில்லை. முதல் வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்த டேட்டா பேசிக்ஸ் கார்ப்பரேஷன். வேலை தெரிந்த பொறியாளர்கள் அமெரிக்காவுக்கே போய், வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். இயந்திரம் வாடிக்கையாளருடையது, மின்சாரமும் அவருடையது. கம்பெனியிடம் முதல் இரண்டு வருடம் சொந்தக் கம்ப்யூட்டரே கிடையாது. வெளிநாட்டிலிருந்து ஒன்றை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வாங்குவதற்கு எத்தனை தடவை டெல்லிக்கு அலைந்தோம், ஒரு டெலிபோன் இணைப்புக்கு ஒரு வருடம் காத்திருந்தோம் என்று மூர்த்தி எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் மைக்கோ கம்பெனி வாடிக்கையாளராகக் கிடைத்த பிறகு, 1983-ல் அலுவலகம் அங்கே போனது. ஆக அவர்கள் போட்ட உண்மையான முதல் கையில் இருந்த தொழில். அந்தத் தொழிலைச் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்தது வேறொரு கம்பெனி.

“இளம் வயதில், படிப்பு முடிந்த கையோடு ஆரம்பித்தார்.”

மூர்த்தி 1946 ஆகஸ்டில் பிறந்தவர். இன்ஃபோசிஸ் பதிவானபோது 35 முடியப் போகிற வயது. அப்பா பள்ளி ஆசிரியர். ஐஐடியில் இடம் கிடைத்தும் செலவைத் தாங்க முடியாமல் மைசூரிலேயே பி.இ. படித்தார். பிறகு ஐஐடி கான்பூரில் எம்.டெக்., 1969-ல். அதன்பின் அகமதாபாத் ஐஐஎம்-மில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. 1970-களின் தொடக்கத்தில் பாரிஸ். அங்கே சார்ல்ஸ் தெ கால் விமான நிலையத்தில் சரக்குகளைக் கையாள்வதற்கான மென்பொருளை எழுதிய குழுவில் இருந்தார். ஊர் திரும்பிய பின் சாஃப்ட்ரானிக்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஒன்றரை வருடத்தில் மூடிவிட்டார். இந்த இரண்டு வரியையும் டியூஷன் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. விழுந்தவுடன் அவர் செய்தது மறுபடி வேலைக்குப் போனது. பம்பாயில் பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ்.

பட்னியில் அவர் கம்ப்யூட்டர் வேலையைத் தாண்டியும் ஒன்றைக் கற்றார். அமெரிக்க வாடிக்கையாளர் என்ன கேட்பார், எப்போது கேட்பார், எவ்வளவு கொடுப்பார் என்பது அது. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். பம்பாயில்தான் அதைக் கற்க முடிந்தது, ஏனென்றால் 1968-ல் இங்கே தொடங்கிய டாடா கன்சல்டன்சி போன்ற கம்பெனிகளால் அந்த வேலை அப்போது இங்கே இருந்தது.

“ஒரே மனிதரின் உழைப்பு.”

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தப்பட வைப்பது இதுதான். ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. மூர்த்தி, நந்தன் நிலேகணி, என்.எஸ். ராகவன், எஸ். கோபாலகிருஷ்ணன், எஸ்.டி. ஷிபுலால், கே. தினேஷ், அசோக் அரோரா. எல்லோரும் பட்னியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நிலேகணி போவாய் ஐஐடியில் படித்து 1978-ல் பட்னியில் சேர்ந்தவர், அவரை நேர்முகம் கண்டு எடுத்தவர் மூர்த்தி. கோபாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் இயற்பியலும் கம்ப்யூட்டர் அறிவியலும் படித்துவிட்டு 1979-ல் பம்பாய்க்கு வந்தவர்.

கம்பெனியின் முதல் ஊழியர் மூர்த்தி இல்லை, ராகவன். பட்னியில் கையில் இருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்ததால் மூர்த்தியின் ஊழியர் எண் 4. வேலையை உதறிவிட்டு வந்தவர் என்ற பிம்பம் இந்த ஓர் எண்ணிலேயே கலைந்துவிடுகிறது. தொடக்க காலத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளில் அலுவலகம் என்று சொல்லப்படுவது மூர்த்தி வீட்டின் முன் அறை. பதிவு முகவரியாகச் சொல்லப்படுவது மாட்டுங்காவில் ராகவனின் வீடு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பலருக்கே இது தெரியாது. ராகவன் என்ற பெயரைக் கேட்டால் யார் என்று கேட்கிறார்கள்.

ஏழு பேரும் கடைசிவரை ஒட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. 1989-ல் அரோரா விலகினார். அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் செய்த கூட்டு முறிந்தது. 1990-ல் பத்து லட்சம் டாலருக்குக் கம்பெனியை விற்றுவிடலாமா என்று உட்கார்ந்து பேசினார்கள். ஒன்பது வருட உழைப்புக்குப் பிறகும் நிலைமை அதுதான். மற்றவர்கள் விற்கச் சம்மதித்தால் அவர்களின் பங்கைத் தானே வாங்கிக்கொள்வதாக மூர்த்தி சொன்ன பின்புதான் அந்தப் பேச்சு நின்றது.

“திறமை இருந்தால் சட்டம், அரசாங்கம் எதுவும் பொருட்டில்லை.”

இதற்கு அதிக விளக்கம் வேண்டாம். 1991-ல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. 1992-ல், புதிய பங்கின் விலையை அரசு அதிகாரி தீர்மானிக்கும் முறை ஒழிந்தது. 1993-ல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அப்போதும் மக்கள் முழுதாக வாங்கவில்லை, மார்கன் ஸ்டான்லி 13 சதவீதத்தை எடுத்துக் கை கொடுத்தது. அதே மனிதர்கள், அதே திறமை. 1991-க்கு முந்தைய பத்து வருடமும் பிந்தைய பத்து வருடமும் ஒன்றுபோல் இல்லை.

ஸ்ரீதர் வேம்புவின் கதையும் இப்போது இதே மாதிரி மெருகேறி வருகிறது. வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு, கிராமத்தில் உட்கார்ந்து ஸோஹோவைக் கட்டினார் என்கிறார்கள். சென்னை ஐஐடி, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், குவால்காமில் வேலை, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடக்கம் என்பதுதான் வரிசை. ஸோஹோ என்பது கம்பெனியின் பெயரானதே 2009-ல். தென்காசிப் பக்கம் அவர் குடிபோனது கம்பெனி வளர்ந்து இருபது வருடம் தாண்டிய பிறகு. வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தார்கள் என்பது உண்மை, அது பெரிய சாதனையும்கூட. ஆனால் கிராமம் அந்தக் கதையில் கடைசியில் வருகிறது, முதலில் இல்லை.

கடைசியாக ஒரு நம்பிக்கை. சொந்தக் கம்பெனி வைத்தவன்தான் முன்னுக்கு வந்தவன், சம்பளத்துக்குப் போனவன் தோற்றவன் என்பது. நாமக்கல் பக்கம் மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என். சந்திரசேகரன், தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தார். திருச்சி ஆர்இசியில் எம்சிஏ முடித்து 1987-ல் டிசிஎஸ்ஸில் சேர்ந்தார். 2009-ல் அதன் தலைமை நிர்வாகி, 2017-ல் டாடா சன்ஸ் தலைவர். எந்தக் கம்பெனியையும் அவர் தொடங்கவில்லை.

சந்திரசேகரன் போன அந்த வழி நமக்கும் தொலைவில் இல்லை. தாராவியிலிருந்து மாட்டுங்கா விஜேடிஐக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். 1887-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் எம்சிஏ படிப்பு இருக்கிறது. அதில் சேர, மாநில சிஇடி அமைப்பு நடத்தும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். விண்ணப்பத் தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். அவை சிஇடி இணையதளத்திலேயே வெளியாகின்றன.