குண்டு விழுந்த தூரம்: இளம் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சிதம்பரம் கோர்ட்டில் தனியாகத் தொழில் தொடங்கியதில் மகிழ்ச்சி. நீ அனுப்பிய கிரய அக்ரிமெண்ட் நகலைப் படித்தேன். கடைசியில் ‘இது இருவரையும் இருவர் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்’ என்று அழுத்தமாக எழுதியிருக்கிறாய். நடுவிலோ ‘சுமார் 2 ஏக்கர்’, ‘பாக்கியைப் பிறகு பேசி முடித்துக்கொள்வது’. எதற்குக் கட்டுப்படுகிறோம் என்றே தெரியாதவரை எந்தச் சொல் கட்டுப்படுத்தும்?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 29-ஆம் பிரிவைப் பார். பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் வழியில்லாத உடன்படிக்கை செல்லாது. இன்ன எண்ணெய் என்று சொல்லாமல் 100 டன் எண்ணெய் விற்க ஒப்புக்கொண்டால் செல்லாது. விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவர் என்றால் செல்லும். அரிசிக்கு விலையை மூன்றாம் ஆள் ஒருவர் சொல்வார் என்று எழுதினாலும் செல்லும். தொகை இல்லாவிட்டாலும் அதைக் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறதே!

எங்கள் கடலூர்க் கதையையும் கேள். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியது. கூடவே, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை நிலம். இதுவும் நிச்சயப்படுத்தக்கூடிய எல்லைதான். ஆனால் பீரங்கியைத் தேர்ந்தெடுத்தது வாங்கியவர்கள். சென்னைக் கவர்னர் எலிஹு யேல், அதிகத் தூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார். மீதியைப் பீரங்கிக்காரரின் கைத்திறன் பார்த்துக்கொண்டது. நாலா திசையும் சுட்டதில் கடலூர் நகரமே எல்லைக்குள் வந்தது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமம்’ என்று பேர்.

ஆகவே அளக்கும் முறையை மட்டும் எழுதி நிறுத்தாதே. அளப்பது யார் என்பதையும் எழுது. ‘சுமார்’ வேண்டாம். புல எண், உட்பிரிவு, நான்கெல்லை போடு. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சர்வேயர், இருவர் முன்னிலையில், இன்ன தேதிக்குள் அளக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சென்டுக்கு இன்ன விலை. அளவுக்கூலி இன்னார் பொறுப்பு. ‘பிறகு பேசி’ என்ற வரியை அடித்துவிட்டுத் தொகையையும் கெடுவையும் எழுது.

கையெழுத்துக்கு முன்னால் உன் கட்சிக்காரரிடம் ‘எவ்வளவு, எப்போது, எந்த இடம்’ என்று வாய்விட்டுக் கேள். எதிர்த்தரப்பு வக்கீலையும் அவர் கட்சிக்காரரிடம் அதையே கேட்கச் சொல். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் முத்திரைத்தாளில் ஏற்று. ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் தீர்ப்பதைவிட அது செலவு குறைவு.

அன்புடன்,
கடலூரிலிருந்து உன் சீனியர்