மாத்திரையும் மிகைவேகமும்: கணினிச் செயலியின் துடிப்பை உயர்த்துதல் பற்றி ஓர் ஆய்வு

ஒலிக்கும் கால அளவை மாத்திரை என்றனர் நம் இலக்கண நூலார். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் அதற்கு அளவாகத் தொல்காப்பியத்தில் சொல்லப்பட்டிருத்தலை மாணவர் அறிவர். கணினியின் செயலிக்கும் இத்தகைய மாத்திரை ஒன்று உண்டு. தாய்ப்பலகையில் உள்ள சிறு படிகம் ஒன்றின் அதிர்விலிருந்து பெறப்படும் மின்துடிப்பே அது. ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் இடையே செயலியின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் தத்தம் நிலையை மாற்றி முடித்து, விடையை அடுத்த நிலைக்கு ஒப்படைத்துவிட வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலியில் விநாடிக்கு 300 கோடித் துடிப்புகள். அவற்றுள் ஒரு துடிப்பின் நேரத்தில் ஒளியே ஏறத்தாழ 10 செ.மீ. தொலைவுதான் செல்லும் என்றால், அந்த இடைவெளி எத்துணைச் சிறிது என்பது விளங்கும்.

ஆக்கியோர் குறித்த அளவினும் விரைவாக இத்துடிப்பை ஓடச் செய்வதனை 'ஓவர்கிளாக்கிங்' என்பர். இக்கட்டுரையில் அதனை மிகைவேகம் என்றே வழங்குவோம். தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். ஆய்வேடும் சொல்லடைவும் சுவடிப் பதிப்பும் கணினியிலேயே உருவாகும் நாளில், அதன் விடை பிழைபடாதிருத்தல் நம் துறைக்கும் உரிய கவலையே ஆகும். பழைய இயந்திரத்தை விரைவாக்கித் தருகிறேன் என்று முன்வரும் இளைஞர் விடுதிதோறும் உளர் என்பதும் நாம் அறிந்ததே.

மிகைவேகம் எவ்வாறு இயலுகிறது?

ஒரே வார்ப்பில் பிறந்த செயலிகளும் ஆற்றலில் ஒத்திருப்பதில்லை. அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கும் ஆக்கியோர், வெப்பமான அறை, சீரற்ற மின்சாரம், ஆண்டுகள் கழியக் கழிய நேரும் தேய்வு ஆகிய அனைத்தையும் கருதி, ஓரளவு ஆற்றலை இருப்பாக விட்டே வேகத்தைக் குறிக்கின்றனர். அந்த இருப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதே மிகைவேகம்.

இம்முயற்சி புதியதன்று. 1984இல் வெளிவந்த ஐபிஎம் ஏடி கணினி, 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை இரண்டால் வகுத்து 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தியோர் 8 மெகாஹெர்ட்ஸ் பெற்றனர். பின்னர் வந்த ஏடி இயந்திரங்களில் வேகத்தைச் சோதிக்கும் கட்டளை ஒன்றை ஐபிஎம் சேர்த்தது.

1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இத்துறையில் பெரும்புகழ் பெற்றது. அதன் பாதைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ்; பெருக்கெண் 4.5, ஆகவே வேகம் 300. பெருக்கெண்ணை மாற்ற இயலாதவாறு இன்டெல் பூட்டியிருந்தது. ஆதலின் பாதைத் துடிப்பையே 100 ஆக உயர்த்தி 450 மெகாஹெர்ட்ஸ் பெற்றனர். இங்குக் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. வட்டு முதலிய உறுப்புகள் இணையும் பிசிஐ பாதை 33 மெகாஹெர்ட்ஸுக்கென வகுக்கப்பட்டது. 66ஐ இரண்டால் வகுத்தாலும் 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33 கிடைக்கும். ஆனால் இடைப்பட்ட 75, 83 ஆகியவற்றைப் பல தாய்ப்பலகைகள் இரண்டாலேயே வகுத்தன. அதனால் பிசிஐ பாதை 37.5க்கும் 41.5க்கும் ஏறியது. வட்டில் எழுதப்படும் கோப்புகள் சிதைய அது வழி செய்தது. சிறிது உயர்த்தியவர் இடர்ப்பட, மிகுதியாக உயர்த்தியவர் நலமாயிருந்த விந்தை இதனால் நேர்ந்தது. வேகத்தை உயர்த்துமுன், அதனோடு வேறு எவையெவை உயர்கின்றன என்று அறிதல் இன்றியமையாதது.

2011இல் வந்த இன்டெலின் கோர் ஐ5-2500கே போன்றவற்றில் 'கே' என்னும் எழுத்து, பெருக்கெண் பூட்டப்படவில்லை என்பதன் அடையாளம். அதன் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதில் கை வைத்தால் பிற உறுப்புகளும் நிலைகுலையும். பெருக்கெண்ணை 33இலிருந்து 34, 35 எனப் படிப்படியாக ஏற்றுவதே முறை. 2017 முதல் வந்த ஏஎம்டியின் ரைசன் மேசைக்கணினிச் செயலிகளுள் பெரும்பாலானவையும் பூட்டப்படாதவையே. தாய்ப்பலகையும் இதற்கு இடம் தரவேண்டும்.

வெப்பக் கணக்கு

விரைந்த துடிப்பிற்குள் டிரான்சிஸ்டர்கள் பணியை முடிக்க வேண்டுமாயின், ஓர் எல்லைக்குமேல் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறன் துடிப்பின் அளவிற்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப வளரும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கித் துடிப்பையும் பத்து விழுக்காடு உயர்த்தினால், 1.1ஐ மும்முறை பெருக்க வேண்டும், விடை 1.331. பத்து விழுக்காட்டு வேகத்திற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பம் விலையாகிறது. வெப்பத்தைக் காற்றாடி போக்கிவிடும் எனலாம்; மிகை மின்னழுத்தம் செயலியின் உள்ளே விளைக்கும் தேய்வை எக்காற்றாடியும் போக்காது.

இதற்கு அண்மைச் சான்றும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, உரியவர் எவ்வித மிகைவேகமும் செய்யாத நிலையிலேயே நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் எனக் கண்ட அந்நிறுவனம், 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. ஆக்கியோரே இடறிய இடத்தில் நாம் அஞ்சி நடத்தல் தகும்.

நிலைபேறு என்பது யாது?

விண்டோஸ் திறந்துவிட்டது, ஆகவே வெற்றி என்று மகிழ்வோர் பலர். இது பெரும் மயக்கம். நின்றுபோகும் கணினியை அறிந்துகொள்ளலாம். நில்லாமல் ஓடிக்கொண்டே பிழையான விடை தரும் கணினியை அறிவது அரிது. 'பாடம்' என்னும் சொல்லில் நெடில் ஒரு மாத்திரை குறைந்தால் 'படம்' ஆகிவிடும். அதுவும் பொருளுள்ள சொல்லாதலின் கேட்போர் ஐயுறார். பொருள்படும் பிழையே கண்டறியக் கடினமானது என்பதைச் சுவடி பதிப்பித்தோர் நன்குணர்வர்.

கணினிக்குள்ளும் இவ்வாறே நிகழ்தல் கூடும். ஒருங்குறியில் ரகரத்தின் எண்ணும் றகரத்தின் எண்ணும் அடுத்தடுத்தவை. இரும வடிவில் ஒரே ஓர் இலக்கத்தால் மட்டுமே வேறுபடுவன. லகர ளகரங்களும் அத்தகையனவே. ஓர் இருமம் புரண்டால் மரம் மறமாகும், வலி வளியாகும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் இதனைக் காணாது. மூன்றாண்டு உழைப்பில் தொகுத்த சொல்லடைவு ஒன்றில் இவ்வாறு நேருமாயின் யார் கண்டுபிடிப்பார்?

ஆதலின் விடை முன்னரே தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் தந்து சோதித்தலே நெறி. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய பகா எண் தேடும் திட்டத்தின் பிரைம்95 என்னும் மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. செயலியை முழுமூச்சாக உழைக்கச் செய்து, கிடைத்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிட்டு, ஒருமுறை பிழைத்தாலும் அறிவித்துவிடும். நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 உண்டு.

செய்யும் முறை

முதற்கண் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதனைச் செய்ய மனமில்லாதவர் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. பின்னர் தூசு நீக்கி, செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருந்தால் மாற்றி, இயல்பான வேகத்தில் முழுச்சுமையின்போது எழும் வெப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயல்பு நிலையிலேயே வெப்பம் எல்லையை நெருங்குமாயின் முயற்சியை அங்கேயே நிறுத்துக.

பயாஸ் திரையில் நினைவகத்தின் வேகத்தை இயல்பாகவே விட்டு, பெருக்கெண்ணை மட்டும் ஒரு படி உயர்த்தி, அரைமணி நேரம் சோதிக்க வேண்டும். ஒருபோதில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றியவர் எது பிழைத்தது என்று அறியார். மின்னழுத்தத்தைத் தானியங்கு நிலையில் விட்டால் பல தாய்ப்பலகைகள் தேவைக்கு மிஞ்சியே ஊட்டும். ஆதலின் அதனைக் கையால் அமைத்து, சோதனை பிழைக்கும்போது மட்டும் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டலாம். அச்செயலிக்கு ஆக்கியோர் குறித்த உச்ச அளவை மீறலாகாது. வெப்ப எல்லை இன்டெலின் அண்மைச் செயலிகள் பலவற்றிற்கு 100 பாகை செல்சியஸ். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசைக்கு 95 பாகை. இவ்வெல்லையைத் தொட்டால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்ட பாடு வீணாகும். சோதனை தேறிய உச்சத்திலிருந்து ஒரு படி இறங்கி, அங்கே இரவு முழுதும் ஓடவிட்டுப் பிழையின்றித் தேறினாலன்றி அக்கணினியில் ஆய்வேட்டைத் திறத்தல் கூடாது. கணினி எழும்பாமலே போனால் அஞ்ச வேண்டியதில்லை. தாய்ப்பலகையின் சீமாஸ் அமைப்பை அழித்துவிட்டால் பழைய அளவுகள் மீளும்.

இத்துணை உழைப்பிற்கும் பயன் உண்டா எனின், இன்றைய செயலிகள் வெப்பமும் மின்திறனும் இடந்தரும் அளவிற்குத் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்வன. அவற்றில் எஞ்சிய இருப்பு சிறிதே. தட்டச்சிற்கும் அச்சிற்கும் செயலியின் வேகம் தடையாக இருப்பதில்லை. சுழலும் வட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்துவோர் பெறும் விரைவு, மிகைவேகத்தால் கிட்டுவதினும் பெரிது என்பது நம் கருத்து. பூட்டப்படாத பழைய செயலியை வைத்துக்கொண்டு ஒலி, ஒளிப் பதிவுகளைத் தொகுப்போர்க்கே இம்முறை இன்றும் உதவும்.

அத்தகையோர் நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்க. காற்றாடி எத்துணைச் சிறந்ததாயினும் அறையின் வெப்பத்தினும் கீழே செயலியைக் குளிர்விக்காது. 25 பாகை அறையில் 80 பாகை காட்டிய செயலி, 40 பாகை அறையில் ஏறத்தாழ 95 காட்டும். தையில் தேறிய வேகத்தைச் சித்திரையில் மீண்டும் ஓர் இரவு சோதித்து, தேறாவிடின் பெருக்கெண்ணை ஒரு படி இறக்கிவிட வேண்டும்.