அவையில் ஓர் இடம்

புலவன் ஒருவன் நூலை இயற்றிவிட்டால் மட்டும் அது நாட்டில் நிலைபெறுவதில்லை. அவையத்தார் முன் அரங்கேற்றி, அவர் ஏற்றுக்கொண்ட பின்னரே அதற்கு மதிப்பு உண்டாம் என்பது நம் முன்னோர் கொண்ட வழக்கு. ஆற்றல் ஒன்று, அவ்வாற்றலை ஏற்கும் அவை வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சிலபோது ஒரே நாளிற் கடக்கப்படும். சிலபோது ஒரு தலைமுறை கழியினும் கடக்கப்படாது. நூலுக்கு உரிய இவ்வுண்மை விளையாட்டிற்கும் உரியதே என்பதை அமெரிக்க நாட்டுக் கல்விநிலையம் ஒன்றன் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அது நம் கல்லூரியைப் போலவே திருச்சபையாரால் நிறுவப்பெற்றது. ஆதலின் அதன் ஏற்றமும் வீழ்ச்சியும் மீட்சியும் நாம் ஆய்ந்தறிதற்கு உரியனவாம்.

1. பந்தயச் சங்கம்

கான்பரன்ஸ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நாம் மாநாட்டையே நினைப்போம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டிலோ அச்சொல், ஒன்றோடொன்று ஆண்டுதோறும் பொருதற்கு உடன்பட்ட பல்கலைக்கழகங்களின் நிலையான கூட்டத்தைக் குறிக்கும். அதனை ஈண்டுப் பந்தயச் சங்கம் என வழங்குவோம். எவர் எவரோடு ஆடுவது, வெற்றி மாலை எவர்க்கு உரியது, ஆட்டங்களைத் தொலைக்காட்சியிற் காட்டுவதால் வரும் பொருளை எங்ஙனம் பகிர்வது என்பன வெல்லாம் சங்கத்தின் முடிபுகளே. புதிய உறுப்பினரைச் சேர்ப்பதும் பழைய உறுப்பினரின் வாக்கினாலேயே நிகழும்.

அவர்கள் காற்பந்து எனக் கூறுவது நாம் ஆடும் காற்பந்தன்று. பக்கத்திற்குப் பதினொருவராய் நின்று, நீள்வட்ட வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லையைக் கடக்க முயலும் ஆட்டம் அது. கல்லூரி விளையாட்டிற்கு வரும் பொருளிற் பெரும்பகுதி இவ்வொன்றினாலேயே வருகின்றது. ஆகவே சங்கங்களின் ஆக்கமும் அழிவும் இவ்வாட்டத்தைச் சுற்றியே நிகழ்கின்றன.

2. எழுச்சி

டெக்ஸஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில் மெதடிஸ்த திருச்சபையார் 1911-ஆம் ஆண்டில் நிறுவி, 1915-இல் வகுப்புகளைத் தொடங்கியதே சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். அது 1918-இல் அந்நிலப்பகுதியின் தலையாய பந்தயச் சங்கமாகிய தென்மேற்குச் சங்கத்திற் சேர்ந்தது. மாகாணத்தின் பொருள்வளம் பெற்ற மாபெரும் பல்கலைக்கழகங்களோடு அச்சிறு திருச்சபைக் கல்விநிலையம் ஒத்த ஆசனத்தில் அமர்ந்தது. 1948-இல் அதன் மாணவர் டோக் வாக்கர், நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்கு உரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்றார்.

சங்கத்தில் இடம் பெறுவது கல்லூரிகட்கு மட்டும் உரிய கேள்வியன்று. மாணவர்க்கும் அது கேள்வியாயிற்று. நெடுங்காலம் தென்மேற்குச் சங்கத்தில் கறுப்பின மாணவர் எவரும் காற்பந்து ஆடினாரல்லர். 1966-இல் ஜெரி லெவயஸ் என்னும் கறுப்பின மாணவர் உதவித்தொகை பெற்று இப்பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடினார். அச்சங்கத்தில் அங்ஙனம் உதவித்தொகை பெற்று ஆடிய முதல் கறுப்பின மாணவர் அவரே. பழிச்சொற்களையும் மிரட்டல்களையும் பொறுத்து நின்று, அவ்வாண்டே தம் கல்லூரியைச் சங்கத்தின் வெற்றி மாலைக்கு அழைத்துச் சென்றார். அவை ஒருவனை ஏற்பதற்கு முன்னரே அவன் அவைக்குத் தகுதியுடையவனாய் நிற்றல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

3. வீழ்ச்சி

1980-க்குப் பிந்திய சில ஆண்டுகள் பேரொளியோடு விளங்கின. எரிக் டிக்கர்ஸன், கிரெய்க் ஜேம்ஸ் என்னும் இருவரும் ஓடிய ஓட்டத்தால், 1982-இல் அப்பல்கலைக்கழகம் ஒரு தோல்வியும் காணாது ஆண்டை முடித்தது. ஆனால் அவ்வொளியின் கீழே இருள் கிடந்தது. ஆட்டக்காரர்க்கு மறைவாகப் பணம் கொடுத்தல் அந்நாளைய விதிகளால் விலக்கப்பட்டிருந்தது. பிற கல்லூரிகள் சிலவும் இக்குற்றம் செய்தன என்பது உண்மையே. எனினும் இப்பல்கலைக்கழகம் முன்னரே தண்டிக்கப்பெற்று, திருந்துவதாக உறுதி கூறிய பின்னரும் அவ்வழக்கத்தை விட்டிலது. ஆட்டக்காரர் பதின்மூவர்க்கு ஏறத்தாழ 61,000 டாலர் கொடுக்கப்பட்டது வெளியாயிற்று.

கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியக் கழகம் 1987 பிப்ரவரி 25-ஆம் நாள் தீர்ப்புக் கூறியது. அவ்வாண்டுக்குரிய ஆட்டங்கள் யாவும் நீக்கப்பட்டன. மறு ஆண்டில் தன் மண்ணில் ஆடும் உரிமையும் பறிக்கப்பட்டது. எஞ்சிய ஆட்டங்களைப் பல்கலைக்கழகம் தானே கைவிட்டது. இத்தண்டனையை அந்நாட்டார் மரணதண்டனை என்றே வழங்குகின்றனர். அடுத்த மார்ச்சுத் திங்களில், ஆளுங்குழுவின் தலைவராயிருந்து பின் மாகாண ஆளுநராகிய பில் கிளெமன்ட்ஸ், பணம் தொடர்ந்து கொடுக்கப்பட்டதைத் தாம் அறிந்து உடன்பட்டதாக ஒப்புக்கொண்டார். குற்றம் ஆடுகளத்திலன்று, தலைமை ஆசனத்திலேயே இருந்தது என்பது அதனால் விளங்கிற்று. மெதடிஸ்த பேராயர் குழுவொன்று அதே ஆண்டில் இச்செயலை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது; ஆளுங்குழு கலைக்கப்பட்டு ஆட்சிமுறை திருத்தப்பட்டது. திருச்சபை தன் பிள்ளையின் குற்றத்தை மறையாது வெளியிட்ட அச்செயலை நாம் மறத்தல் ஆகாது.

தண்டனையின் சுமையைத் தாங்கியவர் யாவர்? பணம் கொடுத்தவர் அல்லர். பின்வந்த மாணவரே தாங்கினர். 1989-இல் மீண்டும் களம் புகுந்த இளைஞர் அணி, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தினிடம் 95-க்கு 21 எனத் தோற்றது. அவ்விளைஞருட் பலர் முந்தியோரின் குற்றத்தில் எள்ளளவும் பங்கில்லாதவர். தந்தையர் தின்ற காய்க்குப் பிள்ளைகளின் பல் கூசுமோ என்னும் பழைய வினா மறையுரை கேட்டு வளர்ந்த நம்மனோர்க்குப் புதியதன்று.

4. புறத்தே நின்ற காலம்

இனி, ஆராய்ச்சிக்குரிய ஐயம் ஒன்று எழுகின்றது. அப்பல்கலைக்கழகம் பெருஞ்சங்கங்களின் வாயிலுக்குப் புறத்தே நெடுங்காலம் நின்றதற்கு அதன் குற்றம் ஒன்றே காரணமோ? அன்று என்பதே எம் துணிபு.

1984-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், தொலைக்காட்சி ஆட்டங்களைத் தேசியக் கழகம் தன் பிடியில் வைத்திருந்தது சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் சங்கங்கள் தாமே தொலைக்காட்சியாரோடு ஒப்பந்தம் செய்யலாயின. காண்போர் தொகை மிக்க கல்லூரி எதுவோ, அதுவே விரும்பப்படும் உறுப்பினராயிற்று. தென்மேற்குச் சங்கம் 1996-இல் கலைந்தபோது, அதன் எட்டு உறுப்பினருள் நால்வர் மட்டுமே புதிய பெருஞ்சங்கமாகிய பிக் டுவெல்வ் என்பதனுட் புகுந்தனர். சதர்ன் மெதடிஸ்ட் விடப்பட்டது. ஆனால் மரணதண்டனை பெறாத ரைஸ், டெக்ஸஸ் கிறிஸ்டியன், ஹூஸ்டன் என்னும் மூன்றும் உடன் விடப்பட்டன. குற்றம் ஒன்றே தடையாயின் இவை ஏன் விடப்பட்டன? சந்தையின் அளவுகோல் ஒழுக்கத்தையும் அளப்பதில்லை. ஆற்றலையும் முழுதும் அளப்பதில்லை.

ஆயினும் ஆற்றல் பயனற்றதும் அன்று. டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் சிறு சங்கங்களில் இருந்தவாறே இடைவிடாது வென்று, 2011 ஜனவரி முதல் நாளில் நடந்த புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் விஸ்கான்ஸினை 21-க்கு 19 என வீழ்த்திற்று. 2012-இல் தன்னை முன்பு விட்டுச்சென்ற தோழரின் சங்கத்திலேயே இடம் பெற்றது. சதர்ன் மெதடிஸ்டோ, 1984-ஆம் ஆண்டு ஆட்டங்களுக்குப்பின் கால் நூற்றாண்டு கழித்து 2009-இல் தான் ஆண்டிறுதிச் சிறப்பாட்டம் ஒன்றிற் புகுந்தது. இரண்டும் ஒரே வாயிலில் விடப்பட்டவை; ஒன்று பதினாறு ஆண்டிலும் மற்றொன்று இருபத்தெட்டு ஆண்டிலும் உட்புகுந்தன. சந்தை இரண்டையும் ஒருங்கே தள்ளியது; பழைய குற்றம் ஒன்றனை மட்டும் மேலும் பின்னுக்கு இழுத்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

5. நுழைவின் விலை

2023-ஆம் ஆண்டுக் கோடையில் பசிபிக் கரையோரப் பழஞ்சங்கம் சிதைந்தது. உறுப்பினர் பலர் அதனை விட்டு நீங்க, ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் புகலிடம் தேடின. அப்போது 1953-இல் தோன்றிய அட்லாண்டிக் கரைச் சங்கம் அவ்விரண்டோடு சதர்ன் மெதடிஸ்டையும் சேர்த்துக்கொள்வது பற்றி ஆராயலாயிற்று. பதினைந்து வாக்கில் பன்னிரண்டு வேண்டும். முதலில் ஒன்று குறைந்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின. செப்டம்பர் முதல் நாளில் அக்குறை நீங்கி, மூன்று பல்கலைக்கழகங்களும் ஏற்கப்பட்டன.

ஏற்கப்பட்ட நிபந்தனைதான் வியப்பிற்குரியது. சங்கத்தின் தொலைக்காட்சி வருவாயில் ஒன்பது ஆண்டுகள்வரை தனக்குப் பங்கு வேண்டா எனச் சதர்ன் மெதடிஸ்ட் உடன்பட்டது. அங்ஙனம் இழப்பது 20 கோடி டாலருக்கு மேற்படும் என்பது கணித்தோர் கூற்று. இழப்பை ஈடுசெய்யப் பழைய மாணவரும் செல்வரும் முன்வந்தனர்; ஏற்கப்பட்ட ஒரு வாரத்துக்குள் 10 கோடி டாலர் திரட்டப்பட்டதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 2024 ஜூலை முதல் நாளில் அது சங்கத்தில் அமர்ந்தது. மரணதண்டனைக்கும் அந்நாளுக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அமர்ந்த முதல் ஆண்டிலேயே நிகழ்ந்தது கேட்போர்க்கு உவகை தருவது. சேர்க்கைக்கு எதிராக வாக்களித்தவற்றுள் ஒன்றெனச் சொல்லப்பட்ட புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 42-க்கு 16 என வென்றது. சங்கத்துக்குள் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் தோல்வி காணவில்லை. இறுதிப் பந்தயத்தில் கிளெம்ஸனிடம், முடிவு நொடியில் உதைத்த பந்தொன்றால், 34-க்கு 31 எனத் தோற்றது. ஆயினும் நாட்டின் தலைசிறந்த பன்னிரண்டு அணிகளுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே பென் ஸ்டேட் அதனை 38-க்கு 10 என வென்றது. தோல்வியே எனினும், அஃது அவையின் உள்ளே நின்று பெற்ற தோல்வி.

6. நாம் கொள்வது யாது?

இவ்வரலாற்றைப் பணத்தின் வெற்றி என்று ஒருவர் கூறலாம். அக்கூற்றை முற்றும் மறுத்தல் இயலாது. ஒன்பதாண்டு ஊதியமின்றி இருத்தல் செல்வரை உடைய கல்லூரிக்கே கூடும். வறிய கல்லூரிக்கு அவ்வாயில் இன்றும் அடைபட்டதே. அன்றியும், அட்லாண்டிக் கரையின் பெயர்கொண்ட சங்கம் பசிபிக் கரைவரை நீண்டமையால், பொருளீட்டாத பிற விளையாட்டுகளின் மாணவரும் பாடநாள்களை விட்டு நெடுந்தொலைவு பறக்கவேண்டியவராயினர். வாக்களித்த தலைவர் அப்பயணம் செய்வாரல்லர்.

மற்றொருவர், அன்று குற்றமாய் இருந்தது இன்று சட்டமாயிற்றே என்பர். அதுவும் மெய்யே. நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கை ஒன்றன்படி, 2025 ஜூலை முதல் கல்லூரிகள் தம் ஆட்டக்காரர்க்கு நேரே பொருள் கொடுக்கலாம். அங்ஙனமாயின் 1987-இன் தண்டனை பிழையோ? அன்று. பணம் பெறுதல் தீதா, நன்றா என்பது வேறு வினா. உறுதி கூறிவிட்டு மறைவில் அதனை மீறியதே அன்றைய குற்றம். உடன் அமர்ந்தோரை ஏமாற்றிப் பெறும் வெற்றியை எவ்விதி மாறினும் விதி காவாது.

ஆகவே எமக்குத் தோன்றுவது இதுவே: ஒரே கல்விநிலையம் இருமுறை பொருளைக் கொடுத்து உயர்வை நாடிற்று. முன்னது மறைவிற் கொடுத்தது, தொகையோ சிறிது, அதனால் தன் இடத்தை இழந்தது. பின்னது யாவரும் அறியத் தன் பங்கையே விட்டுக்கொடுத்தது. தொகையோ மிகப் பெரிது. அதனால் இடத்தைப் பெற்றது. விருந்திற்குச் செல்பவன் கடைசி இடத்தில் அமர்க என்று நம் ஆண்டவர் கூறிய உவமையை இவ்வொப்பந்தத்தோடு முழுதும் பொருத்துதல் கூடாது. ஏனெனில் ஈண்டுத் தாழ்மையோடு கணக்கும் கலந்துள்ளது. எனினும், தாழ்ந்த ஆசனத்தை வெளிப்படையாக ஏற்றவனை அவை ஏற்றது என்பது மட்டும் உண்மை.

நம் கல்லூரி அணிகளும் பெரிய பந்தயங்களிற் புகும் ஆசையுடையன. அவ்வாசை இழிவன்று. ஆனால் புகுமுன் நம்மை நாமே வினவுதல் வேண்டும்: நுழைவின் விலை யாது? அதனைச் செலுத்துவோர் யாவர்? அவர் உடன்பட்டனரா? இம்மூன்றுக்கும் அஞ்சாது விடை கூறவல்ல கல்லூரி, அவைக்குப் புறத்தே நிற்கும் நாளிலும் தலைநிமிர்ந்தே நிற்கும்.