கூர்மே பர்கர் கடையில் சாப்பிடுவது: தடித்த பேட்டியும் மெல்லிய பேட்டியும்

அமெரிக்க நகரங்களில் கூர்மே பர்கர் கடை என்பது, கவுன்ட்டரில் பொட்டலம் வாங்கும் விரைவு உணவுக் கடைக்கும் கோட்டு மாட்டிக்கொண்டு போகும் பெரிய உணவகத்துக்கும் நடுவில் நிற்கும் ஓர் இடம். மேசைக்கு ஆள் வந்து ஆர்டர் எடுப்பார். உடுப்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். 2001-இல் பிரெஞ்சு சமையல் வல்லுநர் டேனியல் பூலூ, நியூயார்க்கில் தம் டிபி பிஸ்ட்ரோ மாடர்னில், வாத்தின் கொழுத்த ஈரலும் நெடுநேரம் வேகவைத்த விலாக்கறியும் உள்ளே வைத்து ஒரு பர்கரைக் கொடுத்தார். பர்கர் மலிவுச் சாப்பாடு என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. அதே ஆண்டு மேடிசன் ஸ்கொயர் பூங்காவில் ஹாட் டாக் வண்டியாகத் தொடங்கிய ஷேக் ஷாக், 2004-இல் அங்கேயே நிலையான கடையானது. நல்ல பர்கருக்காக மக்கள் நீண்ட வரிசையில் நிற்பார்கள் என்பதை அது காட்டியது.

சனிக்கிழமை மாலை 7 மணிக்குக் குழந்தையோடு போனால் பசி முற்றிய பிறகுதான் மேசை கிடைக்கும். 5:30-க்குப் போய்விடுவது நல்லது. பானம், ஃபிரைஸ், சாஸ் ஆகியவற்றில் யோசிக்க அதிகம் இல்லை. ஃபிரைஸ் இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும்.

யோசிக்க வேண்டியது இறைச்சியைப் பற்றி. பர்கரின் நடுவில் இருக்கும் பேட்டி, கொத்துக்கறியைத் தட்டிச் செய்த வட்டு. மாட்டின் முன்தோள் பகுதிக் கறியை அரைத்து, 80 பங்கு கறிக்கு 20 பங்கு கொழுப்பு இருக்கும்படி வைப்பது பெருவழக்கு. கொழுப்பு குறைந்தால் பேட்டி சக்கையாகும். கூர்மே கடைகளில் ஒரு பேட்டி பெரும்பாலும் 6 முதல் 8 அவுன்ஸ், அதாவது 170 முதல் 227 கிராம் வரை இருக்கும். அந்தத் தடிமன்தான் கடையின் பெருமை. சாப்பிடுபவருக்குச் சிக்கலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆர்டர் எடுப்பவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: கறி எந்த அளவு வேக வேண்டும்? ரேர், மீடியம் ரேர், மீடியம், மீடியம் வெல், வெல் டன் என்று, குறைவாக வெந்ததிலிருந்து முழுக்க வெந்தது வரை படிகள் உண்டு. இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் சொன்ன பதில்தான் இதை எழுதுபவரைப் பெரும் விலை கொடுக்க வைத்தது. வெல் டன் கேட்பவருக்கு ருசி தெரியாது என்று கூட வந்த நண்பர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அந்தக் கூச்சத்தில் எழுதுபவர், தமக்கும் ஆறு வயது மகளுக்கும் சேர்த்து ‘மீடியம்’ என்று சொல்லிவிட்டார். குழந்தைக்குமா என்று ஆர்டர் எடுத்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டு வந்ததும் மகளுடைய பர்கரைக் கத்தியால் இரண்டாக வெட்டியபோது, வெளியே அரை விரல் அகலத்துக்குப் பழுப்பும், உள்ளே முழுக்கச் சிவப்பும் தெரிந்தது. இளஞ்சிவப்புச் சாறு இறங்கி, அடியில் இருந்த பிரியோஷ் பன் நனைந்த பஞ்சுபோல் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பியதில், அந்த இரண்டு துண்டையும் மறுபடி கல்லில் போட்டு, கருகிய ஓரத்தோடு அரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள். மகள் பன்னை மட்டும் பிய்த்துத் தின்றாள். பில்லில் ஒரு காசு குறையவில்லை.

இது ருசி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருந்தால் மறந்துவிடலாம். ஸ்டேக் என்னும் முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். வெளிப்புறம் நன்றாகச் சுட்டால் அவை அழியும், நடுப்பகுதி சிவப்பாக இருந்தாலும் ஆபத்து குறைவு. அரைக்கும்போது அந்த மேற்பரப்பே உள்ளே கலந்துவிடுகிறது. ஆகவே ஸ்டேக்கை ரேராகச் சாப்பிடுகிறவர்களின் பழக்கத்தைக் கொத்துக்கறிக்குக் கொண்டுவருவது அடிப்படையிலேயே தவறு. நண்பருக்கு இது தெரிந்திருக்கவில்லை. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர்களால் பரவிய ஈ. கோலை ஓ157:எச்7 தொற்றில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். இந்தக் கிருமி சிறுவர்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. அமெரிக்க வேளாண் துறை கொத்துக்கறிக்குச் சொல்லும் அளவு, நடுப்பகுதியில் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். மீடியம் என்பது சுமார் 60 முதல் 63 செல்சியஸில் நின்றுவிடும். நிறத்தை நம்பவும் முடியாது. சில நேரம் கறி அந்தச் சூட்டை எட்டும் முன்பே பழுப்பாகிவிடும். வெப்பமானி மட்டுமே சரியாகச் சொல்லும். மெனுவின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, வேகாத இறைச்சியால் நோய் வரலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். உட்கார்ந்தவுடன் முதலில் படிக்க வேண்டியது அந்த வரி.

இனி, நன்றாக வெந்ததைக் கேட்டால் காய்ந்துபோகுமே என்பதற்கு வழி இருக்கிறது. தடித்த பேட்டியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொடும் நேரத்துக்குள் வெளிப்பகுதி அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். அது காய்வது இயல்பு. மெனுவில் ‘ஸ்மாஷ்’ என்று இருப்பதைத் தேடி, மெல்லிய பேட்டி இரண்டாகக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று அவுன்ஸ் கறி உருண்டையை, தோசைக்கல் போன்ற நன்கு காய்ந்த தட்டைக் கல்லில் வைத்து, வைத்த கையோடு கரண்டியால் அழுத்தித் தட்டையாக்குவார்கள். கறி முழுவதும் கல்லைத் தொடும். சூட்டில் கறியைப் பழுப்பாக்கும் மேலார்ட் வினையால் ஓரமெல்லாம் முறுகலான தோசை ஓரம்போல் பொரிந்து நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளும் வெந்துவிடும். கொழுப்பு உருகத் தொடங்கிய பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லில் ஓடிவிடும். அப்படி நடுவில் அழுத்தும் கடைக்கு இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. மேலே வைக்க அமெரிக்கன் சீஸே போதும். அதிலுள்ள உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாமல் உருக்கும். விலை கூடிய முற்றிய சீஸ் எண்ணெயாகப் பிரிந்து வழியும்.

மாட்டுக்கறி வேண்டாதவர்களுக்குக் கோழி, வான்கோழி பர்கர்கள் உண்டு. அவற்றுக்கு 74 செல்சியஸ் வேண்டும். காய்கறி பேட்டியைக் கறி சுடும் அதே கல்லில் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே அடுக்குவது எத்தனை குறைவோ அத்தனை நல்லது. வெங்காயம், ஊறிய வெள்ளரி, ஒரு சாஸ் போதும். தட்டு வந்ததும் படம் எடுத்துக்கொண்டிராமல் சாப்பிட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்தில் பன் ஊறிவிடும். குழந்தையின் பர்கரை மட்டும், அவள் வாய் வைப்பதற்கு முன், நடுவில் வெட்டிப் பார்த்தே தீர வேண்டும். யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

நியூயார்க் நகரில் பில்லோடு 8.875 சதவீத விற்பனை வரி சேரும். பரிமாறியவருக்கு 18 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வைக்கலாம். உணவைத் திருப்பி அனுப்பினால், மறுபடி சூடாக்க வேண்டாம், புதிதாகச் செய்து தாருங்கள் அல்லது பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று தட்டைக் கொடுக்கும்போதே, அமைதியாக, மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும். கார்டைத் தேய்த்த பிறகு கேட்டால் பெரும்பாலும் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.