திகிற்படத்தில் அச்சம் வளருமாறு

திகிற்படத்தில் அச்சம் வளரும் முறையை ஆராயப் புகுவார்க்கு, சென்னைத் திரைப்படக் கல்லூரியிற் பயின்ற மாணாக்கர் கூடி 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஊமை விழிகள்’ தக்கதொரு சான்றாம். ஆபாவாணன் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கிய அப்படத்தில், இரவிற் குதிரைவண்டி வருவதன் பொருளை நாம் முன்னரே அறிந்துவிடுகின்றோம். தனித்து வரும் பெண்ணோ அறியாள். கொலையினும் அக்காத்திருப்பே நம்மை நடுக்குகின்றது. இடையே பாடல்கள் புகுந்து அந்நடுக்கத்தைத் தளர்த்துதல் குறையே. 1954-இல் பாடலின்றி வந்த ‘அந்த நாள்’ அக்குறையைத் தவிர்த்தது.

விக்கிரமசிங்கபுரத்தில் படமெடுக்க விழையும் மாணாக்கர் இதனைப் பாபநாசத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். படித்துறையில் நீராடும் சிறுவனை வெள்ளம் திடீரென வாரிச் செல்வதாகக் காட்டினால், கணநேரத் திடுக்கமே மிஞ்சும். மேலே அணையின் மதகு திறக்கப்படுவதை முதலிற் காட்டி, பின்னர் அச்சிறுவன் தன் துணியை மெல்லத் துவைப்பதைக் காட்டின், பேரோசை எதுவும் வேண்டா, நமக்கு இருப்புக்கொள்ளாது.