மோட்டார்ப் படகின் பின்னுந்தியை வலுவானதாக மாற்றுதல்

மோட்டார்ப் படகில் எஞ்சினும் உந்துவிசிறியும் அமையும் முறை பலவகைப்படும். அவுட்போர்டு மோட்டாரில் இரண்டும் ஒரே கூட்டில், படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும். உட்பொருத்திய எஞ்சினிலோ நீண்ட தண்டு ஒன்று படகின் அடித்தளத்தைத் துளைத்து வெளிச்செல்லும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ஸ்டெர்ன்டிரைவ் எனப்படும் பின்னுந்தி. இதில் எஞ்சின் படகினுள் பின்பலகையை ஒட்டி அமர்ந்திருக்கும். பற்சக்கரங்களும் உந்துவிசிறியும் அடங்கிய உறுப்பு மட்டுமே பலகைக்கு வெளியே இருக்கும். தனிச் சுக்கான் இல்லை. அவ்வுறுப்பே இடமும் வலமும் திரும்பிப் படகை நடத்தும். ஆழங்குறைந்த இடத்தில் அதனை மேலே தூக்கிக்கொள்ளவும் இயலும். அமெரிக்கப் பொறியாளர் ஜிம் வின் வகுத்த இவ்வமைப்பைச் சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் ‘அக்வமாட்டிக்’ என்னும் பெயரால் அறிமுகம் செய்தது. அதன் எஞ்சின் 80 குதிரைத்திறன் கொண்டது. 1961-இல் அமெரிக்காவில் ‘மெர்குருயிசர்’ வெளிவந்தது.

நாளடைவில் எஞ்சின்களின் திறன் பன்மடங்கு பெருகியது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பெரிய எஞ்சினை வைப்பது அமெரிக்கப் படகுக்காரர்களிடையே சாதாரணம். ஆனால் பின்னுந்தி பழையதாகவே இருந்துவிட்டால், கரையிலிருந்து நெடுந்தூரத்தில் பற்சக்கரம் நொறுங்கிப் படகு திக்கற்று மிதக்க நேரிடும்.

பற்சக்கரத்தை உடைப்பது குதிரைத்திறன் அன்று, முறுக்கமே. இதனை விளக்கச் சைக்கிளைவிட நல்ல சாதனம் ஆசிரியருக்குக் கிடைப்பது அரிது. சமதரையில் விரைந்து செல்லும்போது சங்கிலி அறுவதில்லை. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் அறுகிறது. கிலோவாட் அளவை 9,550-ஆல் பெருக்கி, நிமிடச் சுழற்சியால் வகுத்தால் முறுக்கம் நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். 200 குதிரைத்திறன், அதாவது 149 கிலோவாட், எஞ்சின் நிமிடத்திற்கு 4,600 முறை சுழலுமாயின் முறுக்கம் 309. 300 குதிரைத்திறன் எஞ்சின் 4,800 முறை சுழலுமாயின் 445. பின்னுந்தி சுழற்சியை ஒன்றரைப் பங்கு குறைக்குமாயின் உந்துவிசிறியின் தண்டில் இவை முறையே 464, 668 ஆகும். தேய்மான இழப்பு இதில் கழிக்கப்படவில்லை. பற்களின் மீதுள்ள சுமை ஏறத்தாழ நூற்றுக்கு 44 வீதம் உயர்ந்துவிட்டது. கிடைக்கும் வேகமோ அவ்வளவு உயர்வதில்லை. நீரின்மேல் சறுக்கியோடும் படகின் வேகம், எடை மாறாதிருப்பின், திறனின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்வதால், ஒன்றரை மடங்கு திறனுக்கு நூற்றுக்கு 22 வீதமே மிகுதி. இக்கணக்கைப் பார்த்தபின் மாற்றத்தையே கைவிடுவோரும் உளர்; அது தவறான முடிவென்று கூறுவதற்கில்லை.

மாற்றத் துணிந்தோர்க்கு மெர்குருயிசரின் ஆல்ஃபா, பிராவோ என்னும் இருவகைகள் நல்ல உதாரணம். ஆல்ஃபா ஏறக்குறைய 300 குதிரைத்திறன் வரைக்கும், பிராவோ அதற்கு மேற்பட்டவற்றிற்கும் வகுக்கப்பட்டவை. ஆல்ஃபாவின் கிளட்ச் கீழ்க்கூட்டில் உள்ளது. பற்கள் பற்களோடு கோத்துக்கொள்ளும் வகை. சுமை இருக்கும்போது அவை எளிதில் விலகா. ஆகவே கியரை விடுவிக்கும் கணத்தில் ஒரு சுவிட்சு எஞ்சினின் தீப்பொறியைச் சற்றே நிறுத்தும். பிராவோவின் கிளட்ச் மேற்கூட்டில் அமைந்த கூம்பு. சுமை ஏற ஏற அது இறுகப் பற்றுமாதலால் அச்சுவிட்சுக்கு அங்கு வேலையில்லை.

மற்றொரு வேறுபாடு பலரை ஏமாற்றுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் வெளிநீரை இறைக்கும் பம்ப், ஆல்ஃபாவில் பின்னுந்திக்குள்ளேயே இருக்கிறது. பிராவோவில் அது இல்லை. எஞ்சினால் ஓட்டப்படும் தனிப் பம்ப் வேண்டும். அதனைப் பொருத்தாமல் பின்னுந்தியை மட்டும் மாற்றி ஓட்டினால், குளிர்நீரின்றி எஞ்சின் சில நிமிடங்களிலேயே கொதித்துக் கெடும். பின்பலகையில் பதியும் தாங்குகூட்டையும், எஞ்சின் இணைப்பியையும், கியர்க் கம்பியின் அமைப்பையும் பிராவோவிற்கு உரியவையாக மாற்றவேண்டும்.

உந்துவிசிறியும் பழையது உதவாது. விசிறி ஒரு சுற்றில் நழுவலின்றி முன்னேறும் தூரம் அதன் புரியிடை எனப்படும். மேற்சொன்ன 200 குதிரைத்திறன் படகில் 19 அங்குலப் புரியிடை விசிறி நிமிடத்திற்கு 3,067 முறை சுழன்றால் கணக்குப்படி மணிக்கு 89 கிலோமீட்டர் செல்லவேண்டும். நீரில் நழுவல் நூற்றுக்கு 15 எனக் கொண்டால் 75 கிடைக்கும். 300 குதிரைத்திறனில் எதிர்பார்க்கும் வேகம் 92. அதே நழுவலுடன் 3,200 சுழற்சியில் அதனை எய்த ஏறத்தாழ 22 அங்குலம் தேவை. பழைய விசிறியே இருந்தால் எஞ்சின் வரம்பு மீறிச் சுழலும்.

பின்பலகையே எல்லா உந்தலையும் தாங்குவது. கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் அதன் உட்புறம் ஒட்டுப்பலகையாகும். திருகாணித் துளைகளின் வழியே நீர் கசிந்து, வெளியே தெரியாமல் அது உளுத்திருக்கலாம். பழைய உறுப்பைக் கழற்றியதும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும்: நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். ஐயம் இருப்பின் சிறு துளையிட்டு வரும் தூளைக் கையால் தொட்டறியலாம். ஈரமும் கருநிறமும் கண்டால் பலகையைப் புதுப்பித்த பின்னரே மேற்கொண்டு வேலை செய்தல் வேண்டும். வலுவான பின்னுந்தியை உளுத்த பலகையில் மாட்டுவது பழைய உடைவை இன்னும் ஆபத்தான இடத்திற்கு நகர்த்துவதாகும். பற்சக்கரம் உடைந்தால் படகு நிற்கும், பலகை பிளந்தால் படகு மூழ்கும்.

எஞ்சினையும் தாங்குகூட்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதற்கு உருக்குத் தண்டொன்று உண்டு. அதன் நுனியிலுள்ள நீள்பற்களில் கிரீஸ் தடவி, தாங்கியின் வழியே எஞ்சின் இணைப்பியினுள் செலுத்தி வெளியே எடுத்தால், சுற்றிலும் கிரீஸில் சமமான தடம் விழுந்திருக்கவேண்டும். ஒருபுறம் மட்டும் வழிக்கப்பட்டிருந்தால் எஞ்சினின் முன்தாங்கிகளை உயர்த்தியோ தாழ்த்தியோ மீண்டும் சோதிக்கவேண்டும். வளையும் மூட்டை மூடும் துருத்திபோன்ற ரப்பர் உறை நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளது. பழையதைத் திரும்ப இடாமல் புதியதையே இடுதல் நன்று. அதில் தோன்றும் ஒரு கிழிசல் முதலில் மூட்டையும் தாங்கியையும் கெடுக்கும், பின்னர் நீரைப் படகினுள் விடும்.

வலுவான பின்னுந்தியும் உடைவதுண்டு. அலையின் முகட்டில் படகு துள்ளும்போது விசிறி காற்றில் தறிகெட்டுச் சுழலும். அது மீண்டும் நீரைத் தொடும் கணத்தில் பற்களின்மேல் விழும் அடி, கணக்கிட்ட முறுக்கத்தைவிடப் பெரிது. படகு எழும்பும்போதே விசையைக் குறைப்பவர் கையில் ஆல்ஃபாவும் நெடுங்காலம் உழைக்கும்.

புதிய உறுப்பைச் சில மணி நேரம் ஓட்டியபின் பற்சக்கர எண்ணெயை வடித்துப் பார்க்கவேண்டும். மெல்லிய உலோகத் துகள் இயல்பு. விரலில் உறுத்தும் சில்லுகள் இயல்பல்ல. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அடைப்பு வளையத்தின் வழியே நீர் புகுந்துவிட்டது. அதனைக் கண்டு சரிசெய்யும் வரை படகை நீரில் இறக்குதல் கூடாது.