குப்பையை யாரிடம் கொடுப்பது?

காலை ஆறரை மணி. பெங்களூரில் ஒரு சின்னத் தெரு. குப்பை ஆட்டோ வந்து நிற்கிறது. "ஹசி கசா! ஒண கசா!" என்று குரல் கேட்கிறது.

ஹசி என்றால் ஈரமானது. ஒண என்றால் உலர்ந்தது. கசா என்றால் குப்பை. கன்னடம் பேச வராதவர்களுக்கும் இந்த மூன்று சொற்கள் தெரியும்.

ஓர் அம்மா வாசலுக்கு வருகிறார். கையில் கறுப்புப் பை. வாயை இறுகக் கட்டிய பை. வீட்டுக் குப்பை எல்லாம் அதற்குள் ஒன்றாக இருக்கிறது.

குப்பை வாங்கும் பெண் பையைத் தொடவில்லை. தன் வலது கையைக் காட்டுகிறார். விரலில் துணிக்கட்டு.

"ஐயோ, கையில என்னக்கா?"

"நேத்து இதே மாதிரி ஒரு பைம்மா. பிரிக்கலாம்னு கையை விட்டேன். உடைஞ்ச பாட்டில். மூணு தையல்."

"எங்க வீட்டுப் பையா?"

"யார் வீடுன்னு எப்படிம்மா சொல்றது? எல்லாம் கறுப்புப் பை. எல்லாத்துக்கும் ஒரே முடிச்சு."

அம்மா பதில் பேசவில்லை. பையை வீட்டுக்குள் எடுத்துப் போனார். தரையில் பழைய செய்தித்தாளை விரித்தார். பையைப் பிரித்துக் கொட்டினார்.

பையில் இருந்தவை

கீரைத் தண்டு, வெங்காயத் தோல், முட்டை ஓடு, டீத்தூள், கொஞ்சம் பழைய சோறு. பாதிக்கு மேல் இவைதான். அடுத்து, இரண்டு பால் கவர், ஒரு தண்ணீர் பாட்டில், கசங்கிய காகிதம், சிப்ஸ் பாக்கெட். ஒரு பழைய பிளேடு. காயத்துக்குக் கட்டிய துணி. டார்ச் லைட்டில் இருந்து எடுத்த இரண்டு செல்.

கீரைத் தண்டு எருவாகும். பால் கவருக்கும் காகிதத்துக்கும் காசு கிடைக்கும். ஆனால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. பால் கவரில் சோறு ஒட்டியிருக்கிறது. காகிதம் நனைந்துவிட்டது. கீரைத் தண்டுக்குள் பிளேடு கிடக்கிறது. தனியாக இருந்தபோது இவற்றில் பல பொருள்களுக்கு மதிப்பு இருந்தது. கலந்த பிறகு இது குப்பை.

இந்தப் பை எங்கே போகும்?

பெங்களூர் குப்பை பல ஆண்டுகள் ஊருக்கு வெளியே கிராமங்களில் கொட்டப்பட்டது. மாவள்ளிபுரா அப்படி ஒரு கிராமம். மண்டூர் இன்னொரு கிராமம். குப்பை மலைபோல் உயர்ந்தது. மழை பெய்தால் அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடியும். ஈயும் நாற்றமும் வீட்டுக்குள் வரும். கிராமத்தார் எதிர்த்தார்கள். 2012இல் மாவள்ளிபுராவில் கொட்டுவது நின்றது. அந்த ஆண்டு பெங்களூர்த் தெருக்களில் குப்பை குவிந்து கிடந்தது. 2014இல் மண்டூர் மக்கள் லாரிகளை மறித்துப் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயும் கொட்டுவது நிறுத்தப்பட்டது.

கேரளத்தில் கொச்சி அருகே பிரம்மபுரம் இருக்கிறது. அங்கே 2023 மார்ச் மாதம் குப்பை மேடு தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகைந்தது. டில்லியில் காசிப்பூர் குப்பை மலை 2017இல் சரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள்.

ஆகவே நம் வாசலைத் தாண்டியதும் குப்பை மறைந்துவிடுவதில்லை. வேறு ஒருவர் வாசலுக்குப் போகிறது. அவ்வளவுதான்.

2016இல் மத்திய அரசு குப்பை பற்றி விதிகள் கொண்டு வந்தது. ஒவ்வொரு வீடும் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது. பெங்களூரில் அதற்கு முன்பே, 2015இல், உயர்நீதிமன்றம் இதை வற்புறுத்தியது. இரண்டு கூடை, ஒரு பை. பச்சைக் கூடையில் ஈரக் குப்பை. சிவப்புக் கூடையில் ரத்தம், சீழ் பட்ட துணி, நாப்கின் போன்றவை. பையில் உலர்ந்த குப்பை.

பிரிப்பது நம் வேலை. பிரித்ததை யாரிடம் கொடுப்பது? இதற்குப் பதில் பெரும்பாலும் நம் தெருவிலேயே இருக்கிறது.

பழைய பேப்பர் கடை

எந்த ஊரிலும் முதலில் தேட வேண்டியது இந்தக் கடையைத்தான். பெங்களூரில் இதைக் குஜரிக் கடை என்றும் சொல்வார்கள். காகிதம், அட்டை, பாட்டில், இரும்பு, அலுமினியம், பால் கவர் ஆகியவற்றை வாங்குவார்கள். எல்லாக் கடையிலும் எல்லாம் வாங்க மாட்டார்கள். கடை வாசலில் நின்று கேளுங்கள்: "என்னென்ன எடுப்பீங்க? கிலோ என்ன விலை?" இரண்டு கடையில் கேளுங்கள். இரண்டு விலையையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் படிப்பு உடனே பலன் தருகிறது. தராசைப் பாருங்கள். மின் தராசு என்றால், பொருளை வைக்கும் முன் 0 காட்ட வேண்டும். தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். பிறகு எண்ணைப் படியுங்கள். 4.600 என்றால் 4 கிலோ 600 கிராம்.

கிலோ 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோவுக்கு 48 ரூபாய். 600 கிராமுக்கு 7 ரூபாய் 20 காசு. மொத்தம் 55 ரூபாய் 20 காசு. "நாலு கிலோம்மா" என்று சொல்லி 48 ரூபாய் கொடுத்தால், நமக்கு 7 ரூபாய் 20 காசு நட்டம். எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுவதில்லை. ஆனாலும் எண்ணை நாமே படித்துவிட்டால் சந்தேகமும் இல்லை, சண்டையும் இல்லை.

இன்னொன்று. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முக்கோணம் தெரியும். அதற்குள் ஓர் எண் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் பெரும்பாலும் 1. ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன் ஆகியவற்றில் 2. கடினமான சாப்பாட்டு டப்பாவில் 5. ஒவ்வொரு எண்ணும் ஒரு வகைப் பிளாஸ்டிக். வகை வகையாகப் பிரித்தால்தான் உருக்கி மறுபடி பொருள் செய்ய முடியும். 1, 2, 5 ஆகியவற்றைப் பெரும்பாலும் வாங்குவார்கள்.

சிப்ஸ் பாக்கெட்டை யாரும் வாங்குவதில்லை. உள்ளே வெள்ளிபோல் மின்னுகிறதே, அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிய உலோகப் பூச்சு. இரண்டையும் பிரிப்பது கடினம். விற்பவர் பளபளவென்று விற்றுவிடுகிறார். வாங்கியவர்தான் அதை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது!

உலர் கழிவு மையம்

பெங்களூரில் பல வார்டுகளில் மாநகராட்சி உலர் கழிவு மையங்கள் இருக்கின்றன. பேப்பர் கடையில் எடுக்காத பொருள்களையும் இங்கே கொடுக்கலாம். சிப்ஸ் பாக்கெட்டும் இங்கே போகலாம். அவை சிமெண்டு ஆலைச் சூளையில் எரிபொருளாக எரிக்கப்படுகின்றன.

இந்த மையங்களில் சிலவற்றைக் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களே நடத்துகிறார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு. 2011இல் பெங்களூர் மாநகராட்சி இவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன், தோளில் சாக்குப் பையோடு போனால் திருடன் என்று சந்தேகப்படுவார்கள். அட்டையைக் காட்டி "இது என் தொழில்" என்று சொல்ல முடிந்தது பெரிய மாற்றம். ஹசிரு தளா என்ற அமைப்பு அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. புனே நகரில் 1993இலேயே குப்பை பொறுக்குவோர் சங்கம் அமைத்தார்கள். 2008இல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு அங்கே வேலையைத் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குகிறார்கள்.

மையம் எங்கே இருக்கிறது என்று குப்பை ஆட்டோவில் வருபவரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஈரக் குப்பைக்கு ஒரு பானை

பக்கத்தில் மாடு வளர்ப்பவர் இருந்தால் காய்கறித் தோலை அவரிடம் கொடுக்கலாம். பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கக் கூடாது. மாடு கவரோடு விழுங்கும். வயிற்றில் சேர்ந்து செத்துப்போகும்.

மாடு இல்லையா? ஒரு பானை போதும். விரிசல் விட்ட பழைய பானையும் ஆகும். பெயிண்ட் வாளியும் ஆகும். பக்கத்திலும் அடியிலும் சிறு துளைகள் போடுங்கள். அடியில் தேங்காய் நாரும் காய்ந்த இலையும் பரப்புங்கள். தினமும் காய்கறிக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். அதன்மேல் காய்ந்த இலை அல்லது மரத்தூள் போட்டு நன்றாக மூடுங்கள். இரண்டு கரண்டி புளித்த மோர் தெளியுங்கள். கொஞ்சம் சாணம் கிடைத்தால் இன்னும் நல்லது. பானையை மூடி நிழலில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை குச்சியால் கிளறுங்கள்.

கிளறுவது ஏன்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் கழிவை எருவாக்குகின்றன. காற்றில் வேலை செய்யும் உயிர்கள் ஒரு வகை. அவை நாற்றம் தருவதில்லை. காற்று இல்லாத இடத்தில் வேலை செய்பவை வேறு வகை. நாற்றமும் மீத்தேன் என்ற வாயுவும் அவற்றால் வருபவை. மீத்தேன் தீப்பிடிக்கும். கட்டிய கறுப்புப் பைக்குள் நடப்பது இதுதான். குப்பை மலைக்குள் நடப்பதும் இதுதான்.

முதல் வாரத்தில் பானைமேல் கை வைத்தால் சூடு தெரியலாம். பயப்படாதீர்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று பொருள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். காய்ந்த இலை சேருங்கள். எறும்பு வந்தால் ஈரம் குறைவு. தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழு வந்தால் பலர் பானையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம். அந்தப் புழு கழிவைத் தின்று வேலையை விரைவாக்குகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் காய்ந்த இலையை இன்னும் கெட்டியாக மூடுங்கள். மீன், கறி, எலும்பு ஆகியவற்றை முதல் பானையில் போடாதீர்கள். பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு இரண்டாவது பானையைத் தொடங்குங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் முதல் பானையில் இருப்பது கறுப்பு மண்போல் ஆகும். முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வரும்.

கேரளத்தில் ஆலப்புழை நகரம் இப்படித்தான் மாறியது. அந்நகரின் குப்பை சர்வோதயபுரம் என்ற இடத்தில் கொட்டப்பட்டது. அங்கிருந்த மக்கள் தடுத்தார்கள். 2012இல் நகராட்சி வேறு வழி தேடியது. வீடுகளில் சாண எரிவாயுக் கலம் போன்ற சிறு கலங்களும், எருக் குழாய்களும் வைத்தார்கள். இடம் இல்லாத வீடுகளுக்காகப் பொது இடத்தில் காற்றோட்டமான எருப் பெட்டிகள் கட்டினார்கள். சாணம், காய்ந்த இலை, ஈரக் கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டால் சுமார் 90 நாளில் எரு கிடைக்கிறது.

மற்றவை

பிளேடு, கண்ணாடித் துண்டு: காகிதத்தில் சுற்றி, 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மேலே சிவப்புப் பொட்டு வையுங்கள். பொட்டைப் பார்த்தால் யாரும் பிரிக்க மாட்டார்கள். செல், பழைய போன், டியூப் லைட் ஆகியவற்றை வேறு எதனோடும் சேர்க்காதீர்கள். டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடைக்கக் கூடாது. ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நஞ்சு. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கல்யாணம், காதுகுத்து என்றால் ஒரு நாளில் மலைபோல் குப்பை சேரும். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன் ஆகியவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. பெங்களூரில் ஸ்டீல் தட்டு வங்கிகள் இருக்கின்றன. தட்டும் டம்ளரும் கடனாகத் தருவார்கள். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் கோயிலிலும் மகளிர் குழுவிலும் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு மனு

உங்கள் பகுதிக்கு ஈரக் குப்பை வண்டி தினமும் வரவில்லையா? மனு எழுதுங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். கன்னடம் தெரிந்தவரைக் கொண்டு கன்னடத்தில் எழுதி வாங்குங்கள். கையெழுத்தை ஒவ்வொருவரும் தாமே போடுங்கள்.

வார்டு அதிகாரி அவர்களுக்கு,
வணக்கம். நாங்கள் .......... தெருவில் வசிக்கிறோம். எங்கள் தெருவில் .......... வீடுகள் உள்ளன. குப்பையைப் பிரித்து வைக்கிறோம். ஈரக் குப்பை வண்டி வாரத்தில் .......... நாள் மட்டுமே வருகிறது. வண்டியில் வருபவர்களுக்குக் கையுறை இல்லை. தினமும் வண்டி வரவும், அவர்களுக்குக் கையுறை கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.
நாள்:
கையெழுத்துகள்:

மனுவில் ஒரு நகல் எடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.